பாடு முடிந்த டச்சுக்காரர்

காலை ஏழு பத்து. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குக் கிளம்பிய பேருந்தில் முதலில் கண்ணில் பட்டது, பக்கத்து இருக்கை மாணவியின் உள்ளங்கை. நீல மையில் ஒன்று முதல் ஐந்து வரை எண்கள், எண்ணுக்கு ஒரு சொல். சரித்திரப் பரீட்சை என்று கேட்காமலே தெரிந்தது. போர்களுக்கு எங்கள் காலத்திலும் ஐந்து காரணங்கள்தான்.

பேனா மையின் வாசனையோடு எனக்கு இறால் வாசனையும் சேர்ந்தே வரும். ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த மல்லிகா விடியலில் இறால் உரித்துவிட்டு வருவாள். கோட்டைக்குப்பத்துக்காரி. அரையாண்டுத் தேர்வில் ஒரு பாடம் போனாலும் பள்ளிக்கூடம் போதும், நாள் முழுக்க இறாலுக்கே வந்துவிடு என்று அவள் நைனா சொல்லியிருந்தார். மற்றதெல்லாம் தேறிவிட்டாள். சரித்திரத்தில் முப்பத்து மூன்று. தேற இன்னும் இரண்டு வேண்டும்.

ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் மோதியதற்கு ஐந்து காரணங்கள் எழுதுக என்பது கேள்வி. மல்லிகா ஒரே வரி எழுதியிருந்தாள்: ‘டச்சுக்காரர் பாடு முடிந்தும் வலையை எடுக்கவில்லை.’ அதற்குப் பூஜ்யம்.

சரித்திர சார் திருப்பாலைவனத்தில் நெல் விளைவிக்கும் குடும்பத்தவர். தாளைத் தூக்கிப் பிடித்து, “இன்னாம்மா, டச்சுக்காரன் எங்க வந்து பாடினான்?” என்றார். குப்பத்துப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. கடைத்தெருப் பிள்ளையான நான் சிரித்தேன்.

மல்லிகா எழுந்தாள். “பாட்டு இல்ல சார், பாடு. ஏரில எந்த எடத்துல யாரு என்னிக்கி வலை போடறதுன்னு முறை. முடிஞ்சும் எடுக்கலன்னா அடுத்த ஊருக்காரன் வந்து நிப்பான். சண்டதான்.”

“எங்க ஊர்ல வயலுக்கு முறைத்தண்ணி விடற மாரி,” என்றார் சார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. பிறகு, “அப்ப தப்பு யாருது?”

“அது நீங்க எந்த ஊர்ல கேக்கறீங்கன்றதுல இருக்குது சார்.”

பின் பெஞ்சிலிருந்து அடுத்த குப்பத்துப் பெண், “போன மாசம் வலைய எடுக்காதது உங்க ஊருதான்டி,” என்றாள்.

மல்லிகா திரும்பவில்லை. “பாத்தீங்களா சார்.”

சார் விடைக்குறிப்பைப் புரட்டினார். அதில் பாடு இல்லை. சிவப்பு மையில் பூஜ்யத்தை அடித்து இரண்டு போட்டார். “வலைக்கு ஒண்ணு. எந்த ஊர்ல கேக்கறீங்கன்னு சொன்னதுக்கு ஒண்ணு.”

ஐந்தையும் வரிசை மாறாமல் எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கியவள் நான். இப்போது ஒன்றுகூட நினைவில்லை. பக்கத்து உள்ளங்கையை எட்டிப் பார்த்தேன். மாணவி கையை மூடிக்கொண்டாள்.

மல்லிகா மறுநாளும் இறால் வாசனையோடு வந்தாள். அடுத்த ஜூனில் சார் மாற்றலாகிப் போனார். அந்த ஆண்டு விடைத்தாள்களை எடைக்குப் போட்டார்கள்.