பலகைச் சுவரில் ஐந்து ஊர்

பாம்பூஃப்ளாட்டில் எங்கள் வீடு பலகை வீடு, தகரக் கூரை. அடுக்களை ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கரையில் சாத்தம் ஜெட்டி தெரியும். கப்பல் வந்து நிற்பதும் தெரியும், வராமல் இருப்பதும் தெரியும்.

நான் தீவிலேயே பிறந்தவள். என் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே கைதியாக வந்தவர். அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. தண்டனை முடிந்த பிறகு இங்கேயே காடு வெட்டி, நிலம் திருத்திக் குடும்பமானார். என் வீட்டுக்காரர் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து அரசாங்க வேலைக்கு வந்தவர். எங்கள் கல்யாணம் இங்கேதான் நடந்தது. அவர் வீட்டிலிருந்து யாரும் கப்பலேறி வரவில்லை. மூன்று வருஷமாகியும் நான் மெயின்லேண்டைக் கண்ணால் பார்த்ததில்லை.

அந்த வருஷம் அவர் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. நாங்கள் போயாக வேண்டும். அங்கே எனக்கு என்ன காத்திருக்கிறது என்பது தெரியும். கைதியின் பேத்தி, மூன்று வருஷமாய்ப் பிள்ளை இல்லாதவள் என்று ஒவ்வொருத்தராய் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"வர்றேன். ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு ஊர் சுத்திக் காட்டணும். ராஜாக்கள் கட்டின ஊரெல்லாம் பாத்துட்டுத்தான் உங்க வாசப்படி மிதிப்பேன்."

"சரி" என்றார். அந்தச் சரியை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பள்ளியில் நான் படித்தது இரண்டு வருஷம், அதுவும் இந்தி. தமிழ் எழுத்து அவர் சொல்லிக்கொடுத்தது. அடுக்களைப் பலகைச் சுவரில் கரித்துண்டால் ஐந்து ஊர் எழுதினேன். மகாபலிபுரம், காஞ்சிபுரம், திருச்சி, மதுரை, தஞ்சாவூர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நாள் போட்டேன். ஊர் பார்க்க ஒரு நாள், கப்பலுக்கு, எங்கள் பேச்சில் ஜஹாஸுக்கு, காத்திருப்பதுபோல அடுத்த ரயில் வரும்வரை காத்திருக்க நாலு நாள். அவர் படித்துவிட்டு, வாயில் இருந்த டீயைத் துப்பிச் சிரித்தார்.

"ஏ, ரயில் என்ன ஜஹாஸா? ஒரு நாளைக்கே நாலு தடவை போகும்."

"நாலு தடவையா? அவ்வளவு பேரும் எங்கதான் போறாங்க?"

நடுவில் கடல் இல்லாத ஊரில் ஜனங்கள் நினைத்தபோது கிளம்பிவிடுகிறார்கள் என்பது எனக்குப் புதுசு. காத்திருக்கும் நாளையெல்லாம் அழித்தேன். ஒன்பது நாளில் ஐந்து ஊரும் அடங்கியது. பத்தாம் நாள் கல்யாண வீடு.

லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. டிரங்குப் பெட்டி கட்டியாயிற்று. கப்பல்தான் வரவில்லை. கல்கத்தாவில் எஞ்சின் ரிப்பேர் என்றார்கள். தினமும் அவர் பெர்ரியில் ஏறி அக்கரை போய், அபர்டீன் பஜாரில் ஒரு சுற்றுச் சுற்றி விசாரித்துவிட்டு வருவார். படகிலிருந்து இறங்கும் நடையிலேயே எனக்குப் பதில் தெரிந்துவிடும். போகிற நாளுக்குத் தகுந்தபடி ஈரத்துணியால் ஒரு ஊரைத் துடைப்பேன். முதலில் மதுரை போயிற்று. பிறகு திருச்சி.

குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரிக்கு இது நல்ல வேடிக்கை.

"என்னக்கா, மதுரை பாத்தாச்சா?"

"பாத்தாச்சு. மீனாட்சி உன்னைத்தான் விசாரிச்சா."

"காஞ்சிபுரம் போனா எனக்கொரு பட்டுச்சேலை எடுத்துட்டு வா."

"ஜஹாஸே வரல, உனக்குப் பட்டுச்சேலையா? குடத்தை எடுடீ."

சிரித்துவிட்டுத்தான் வருவேன். வீட்டுக்குள் வந்தால் மூச்சு முட்டும். நல்ல துணியெல்லாம் பெட்டிக்குள். பாத்திரம் கட்டிவைத்தாயிற்று, ஒரே சட்டியில் சமையல். லீவில் இருக்கும் மனுஷர் காலுக்குள் காலாக நிற்கிறார். தீவு சின்னது என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த நாட்களில் அதன் நாலு ஓரமும் என் தோளில் வந்து இடித்தது.

எட்டு நாள் கழித்துக் கப்பல் வந்தது. சுவரில் தஞ்சாவூர் மட்டும் மிச்சம்.

"தஞ்சாவூர் உண்டா?" என்று ஜெட்டியிலேயே நிறுத்திக் கேட்டேன்.

"உண்டு உண்டு, ஏறு."

கீழ்த்தட்டில் மரப் பலகைப் படுக்கை. எண்ணெய் நாற்றம். மூன்றாம் நாள், சுற்றிலும் தண்ணீர் தவிர ஒன்றும் இல்லாதபோது, சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். அவர் அம்மா எழுதச் சொல்லி யாரோ எழுதியது. எழுத்துக் கூட்டி நானே படித்தேன். ஊர் சுற்ற வேண்டாம், நேராக வரவும், மாவு அரைக்க ஆள் இல்லை.

"இது எப்ப வந்துச்சு?"

"இந்தக் கப்பல்லதான். கல்யாணம் முடிஞ்சு பாத்துக்கலாம்."

"முடிஞ்ச மறுநாளே திரும்புற கப்பலுக்குக் கிளம்பணும்னீங்களே?"

கடிதத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஏறுமுன் சொல்லியிருந்தால் நான் ஏறியிருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு மெட்ராஸ் வரை அவருக்கு முதுகைக் காட்டியே படுத்திருந்தேன். முதல் முதலாக ரயில் ஏறினேன், அதைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

விடியற்காலை கும்பகோணம் வந்தது. அவர் எழுந்து பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்தார். நான் மறு பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"கையை விடு."

"விடமாட்டேன்."

"வண்டி கிளம்பிடும். எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நான் தஞ்சாவூர்ல இறங்கறேன். நீங்க இங்க இறங்கறதானா இறங்குங்க, பெட்டி என்னோட வரும்."

அந்தப் பெட்டிக்குள்தான் தங்கைக்குக் கொண்டுபோகிற சீர் இருந்தது. வண்டி ஊதியது. தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பெரிய கோயில் வாசலில் அவர் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். நான் உள்ளே போனேன். எங்கள் பக்கம் வீடு, படகு, பாலம் எல்லாம் மரம். கரையான் தின்னும், உப்புக்காற்று தின்னும். இங்கே அத்தனையும் கல். காலை வெயில் கோபுரத்தின் மேலிருந்து மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. நந்தியின் காலடியில் நின்றேன். ஒரு சுற்று முடிந்து வாசலுக்கு வந்தால், "ஆச்சா?" என்பார். "இல்லை" என்று மறுபடி உள்ளே போவேன். மூன்று முறை போனேன். மூன்றாவது முறை எதையும் பார்க்கவில்லை. வாசலில் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது முதுகில் குத்திக்கொண்டே இருந்தது.

மறுபடி ரயிலேறிக் கல்யாண வீட்டுக்குப் போகும்போது மத்தியானம். மாமியார் வாசலிலேயே நின்றாள்.

"காலையில வரவேண்டியவங்க, இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"ரயில்ல அசந்து தூங்கிட்டோம்மா" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் தூங்கல" என்றேன். "தஞ்சாவூர்க் கோயிலுக்குப் போயிட்டு வர்றேன்."

மாமியார் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு கொல்லைப்பக்கம் கை காட்டினாள். அங்கே ஆட்டுக்கல் இருந்தது, பக்கத்தில் இரண்டு அண்டா நிறைய ஊறின அரிசி. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். ஊர் திரும்ப வண்டி ஏறும்வரை அந்தக் கொல்லையை விட்டு என்னை எழவிடவில்லை. தாலி கட்டின மேளத்தையும் அங்கிருந்துதான் கேட்டேன்.