கரண்ட் போகும் நேரம்

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் செக்கிங் பகுதியில் இருந்தபோது, எங்களுக்கு ஒரு மெயின்டனன்ஸ் மேனேஜர் இருந்தார். ஒல்லியான ஆள். நெற்றியில் அழியாத திருநீறு, சட்டைப்பையில் ஓயாத போன். லிஃப்ட் நின்றாலும், கேன்டீனில் தண்ணீர் வராவிட்டாலும், கக்கூஸ் அடைத்துக்கொண்டாலும் அவரைத்தான் திட்டுவார்கள்.

கரண்ட் போனால் மட்டும் அவருக்கு போன் வராது. கரண்ட் போனது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி; அதற்கு அவரைத் திட்ட முடியாது. ஜெனரேட்டரைப் போட ஆப்பரேட்டர் ஓடுவார். அத்தனை தையல் மெஷினும் ஒன்றாக அடங்கிப்போகும் அந்தக் கொஞ்ச நேரத்தில், இவர் நின்ற இடத்திலேயே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார்.

“ஏனுங்க, ஜெனரேட்டர் தானா ஓடறாப்பல பேனல் இருக்குதாமுங்க. வாங்கி வெச்சரலாமுங்களே?” என்று ஒருமுறை கேட்டேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “வெக்கலாமுங்க. அப்பறம் நானு எப்பங்க மூச்சு உடறது?”

சீக்கிரமே முதலாளி அந்தப் பேனலை வாங்கிவிட்டார். நின்று மாட்ட வைத்தவரும் இவர்தான். மறுபடி கரண்ட் போனபோது, பழக்கத்தில் சுவரில் சாய்ந்தார். சாய்ந்த கையோடு மெஷின்கள் இரைந்தன, போனும் அடித்தது. “வந்துட்டனுங்க” என்று நடந்தார்.

நான் அந்தக் கம்பெனியை விட்டு வெகுநாளாகிறது. வீட்டில் இன்வெர்ட்டர் வாங்கச் சொல்லி நச்சரிக்கிறார்கள். வாங்கலாம்தான். ஆனால் கரண்ட் போனதும் என் முதுகு தானாகவே சுவரைத் தேடுகிறது.