ஜாக்கி மணப்பாறைக்குப் போகவில்லை

பெலிண்டா அக்காவுக்கு வாய் தவறுவது புதிதல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ அவரைத் தூக்கிவைத்துப் பேசுவதாக நினைத்துக்கொள்வீர்கள். "முன்னாள் கவுன்சிலர் காலமானார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று வாசித்த புண்ணியவதி அவர். ஒருமுறை அல்வா விளம்பரத்தின் கடைசி வரியைச் சிமென்ட் விளம்பரத்தில் ஒட்டிவிட்டார். "ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள், விடவே மாட்டீர்கள்!" சிமென்ட் கடைக்காரர் நிலையத்துக்கே வந்து கத்திவிட்டுப் போனார்.

நான் ஜெஸிமா. திருச்சி மன்னார்புரத்தில் ஒரு எஃப்.எம். நிலையத்தில் வேலை. பேசுகிறவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காருவார். மைக்கைத் திறப்பது, மூடுவது, பாட்டுப் போடுவது, போனை இணைப்பது எல்லாம் இந்தப் பக்கம் நான். அக்காவுக்கு வாய் தவறும்போதெல்லாம் அவசரமாகப் பாட்டைப் போட்டு மூடுகிறவளும் நான்தான். திட்டிக்கொண்டே செய்வேன். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கும்பிடு போடுவார்.

வானொலிக்கு வருவதற்கு முன்னால் அக்கா பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் மைக்கில் அறிவிப்புச் செய்துகொண்டிருந்தார். தீபாவளிக் கூட்டத்தில் காணாமல்போன பிள்ளைகளையெல்லாம் அவர் பக்கத்தில்தான் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள். கடையில் மற்றவர்கள் மிட்டாயைக் கையில் திணித்து, "அம்மா இதோ வந்துட்டாங்க, படியேறிட்டு இருக்காங்க பாரு" என்பார்கள். பிள்ளை படியைப் பார்க்கும். அம்மா இருக்க மாட்டாள். கூரை பிய்ந்துபோகிற மாதிரி அலறும். அக்கா அப்படிச் சொல்ல மாட்டார். "உங்கம்மா எங்க இருக்காங்கன்னு எனக்கும் தெரியலடா தங்கம். மைக்ல கூப்பிட்டுப் பாப்போம். அவங்க வர வரைக்கும் நான் உன்னை விட்டுட்டு எங்கயும் போக மாட்டேன்" என்பார். அழுகிற பிள்ளை வாயை மூடிவிடுமாம். அந்தக் குரலைக் கேட்டுத்தான் எங்கள் நிலையத்துக்காரர் யாரோ அவரை அழைத்து வந்தார்.

இங்கே அவருக்குக் கிடைத்தது காலை நேரத்தில் வரும் 'வாலு டைம்'. பிறந்தநாள் பிள்ளைகளுக்கு வாழ்த்துச் சொல்லும் நிகழ்ச்சி. முதல் நாளே அம்மாவோ அப்பாவோ எங்களுக்குப் போன் செய்து, பரிசை வீட்டில் எங்கே ஒளித்துவைத்திருக்கிறோம் என்று சொல்லிவிடுவார்கள். மறுநாள் அக்கா, "அயான் குட்டி, வாஷிங் மெஷினுக்குள்ள என்னமோ இருக்கே, ஓடிப் போய்ப் பாரு!" என்பார். அவ்வளவுதான், திருச்சியில் உள்ள பொடிசுகள் எல்லாம் பெலிண்டா அத்தைக்கு ஒவ்வொரு வீடும் தெரிகிறது என்று நம்பிவிட்டன. ஒரு அம்மா போன் செய்து, "என் பையன் ரேடியோ பக்கத்துல ஜட்டி மாத்த மாட்டேங்கிறான், அத்தை பாப்பாங்களாம்" என்றாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்காவும் சிரித்தார். விளையாட்டுதானே என்று நினைத்தோம்.

ரஞ்சித் என்ற பையனின் அம்மா ஜோதி போன் செய்த அன்றுதான் அக்கா முகம் மாறியது. ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் தெருவில் வீடு. வீட்டுக்காரர் வீரமலை ஆட்டோ ஓட்டுகிறார். மறுநாள் பையனுக்கு ஆறு வயது முடிகிறது. சைக்கிள் வாங்கி மாடிப்படிக்குக் கீழே சாக்குப்போட்டு மூடிவைத்திருக்கிறார்கள். அதோடு விடவில்லை ஜோதி.

"அத்தையம்மா, அவனோட நாய் ஜாக்கி போன வாரம் பஸ்ல அடிபட்டுச் செத்துப்போச்சுங்க. மணப்பாறையில மாமா வீட்டுக்குப் போயிருக்குன்னு சொல்லி வச்சிருக்கோம். பிறந்தநாளுக்கு வந்துடும்னு வாசல்லயே நிக்கிறான். ஜாக்கி அங்க நல்லா இருக்கு, முறுக்கெல்லாம் தின்னுதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்பிடுவான். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

அக்கா முடியாது என்று சொல்லப் பார்த்தார். ஜோதி போனிலேயே அழுதுவிட்டாள். "சரிம்மா, அழாதீங்க, சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை. சிவப்பு விளக்கு எரிகிறது. அக்கா சிரித்த குரலில் ஆரம்பித்தார்: "ரஞ்சித் ராஜாவுக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்! மாடிப்படிக்குக் கீழ சாக்குக்குள்ள ஒரு சைக்கிள் ஒளிஞ்சிருக்கே! அப்புறம், பஸ்ல அடிபட்டுச் செத்துப்போன உன்னோட ஜாக்கி மணப்பாறையில ரொம்ப நல்லா இருக்கு..."

யா அல்லா! கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கையில் கிடைத்த பாட்டைப் போட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போன் அலறியது. ஜோதிதான். "என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க! சைக்கிளைத் திரும்பிக்கூடப் பாக்கல. கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டு வர மாட்டேங்கிறான். அம்மா பொய் சொல்ற, அத்தைதான் நிஜம்கிறான்!"

நான் இருந்த அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் முருகானந்தம் வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். விளம்பரக்காரர்களைக் கண்டால் மட்டும் முதுகு தானாக வளைந்துவிடும். நிகழ்ச்சிக்கு விளம்பரம் தருகிற, பிள்ளைகளுக்குத் துணி விற்கும் கடைக்காரர் அதற்குள் அவரைக் கூப்பிட்டுக் கத்தியிருக்கிறார்.

"பாட்டு முடிஞ்சதும் மைக்கைப் போடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்கிற பொத்தானை அழுத்தி அக்காவிடம் பேசினார். "வாய் தவறிடுச்சு, ஜாக்கி உயிரோடதான் இருக்கு, இப்பதான் பாத்தேன்னு சொல்லிடும்மா. விஷயம் முடிஞ்சுது."

"சார், வாய் தவறினது நிஜம். ஆனா நாய் செத்ததும் நிஜம்தானே?"

"ஆறு வயசுப் பையனுக்கு எதுக்கும்மா நிஜம்? சொல்லலைன்னா நாளையிலேருந்து நீ வர வேண்டாம். இந்த நிகழ்ச்சி உனக்கு இல்ல."

அக்காவுக்கு அந்த நிகழ்ச்சியை விட்டால் வேறொன்றும் இல்லை. காலையில் எழுந்திருப்பதே அதற்காகத்தான் என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்தேன். பாட்டு முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"ஜெஸி, அந்தப் புள்ளையை லைன்ல போடு" என்றார் அக்கா.

ஜோதி போனைக் கட்டிலுக்கு அடியில் நீட்டியிருக்க வேண்டும். மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. பாட்டு முடிந்தது. மைக்கைத் திறந்தேன்.

"அத்தை, ஜாக்கி செத்துப்போச்சா?"

மேனேஜர் கையை ஆட்டி ஆட்டி 'இல்லை, இல்லை' என்று சைகை காட்டினார். அக்கா அவரைப் பார்க்கவில்லை.

"ஆமாண்டா தங்கம். செத்துப்போச்சு. பஸ்ல அடிபட்டுடுச்சு."

"மணப்பாறைக்குப் போகலையா?"

"போகல."

"நீங்க பாத்தீங்களா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. இத்தனை வருஷம் கட்டிய கோட்டை அப்படியே நிற்கும்.

"இல்லடா. நான் பாக்கல. எனக்கு உங்க வீடும் தெரியாது, யார் வீடும் தெரியாது. சைக்கிள் எங்க இருக்குன்னு உங்கம்மாதான் போன் பண்ணிச் சொன்னாங்க. எல்லார் வீட்டுலயும் அப்படித்தான். அம்மா அப்பா சொல்லுவாங்க, நான் ரேடியோவுல சொல்லுவேன்."

திருச்சி முழுக்கக் கேட்டது. மேனேஜர் 'மைக்கை மூடு' என்று என் தோளைத் தட்டினார். மூடு மூடு என்று என் காதிலேயே சொன்னார். நான் மூடவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கை போகவில்லை, அவ்வளவுதான்.

"ஜாக்கிக்கு வலிச்சுதா?"

"அது எனக்குத் தெரியலடா. கூட யாரு இருந்தாங்களோ அவங்களைத்தான் கேக்கணும். அம்மாகிட்டக் கேளேன்."

ஜோதியின் குரல் உடைந்து வந்தது. "அப்பாதான்டா இருந்தாரு. ஆட்டோவுல மடியில வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாரு. போற வழியிலேயே கண்ணை மூடிடுச்சு. கொள்ளிடக் கரையில புதைச்சுட்டு வந்து அவரும் சாப்பிடலடா அன்னிக்கு."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"நீ அழுதா என்னால தாங்க முடியாதுன்னு பயந்துட்டேன் சாமி."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். ஒரே அழுகை. பாட்டும் இல்லை, விளம்பரமும் இல்லை, ஊரே அந்த அழுகையைக் கேட்டது. கொஞ்சம் ஓய்ந்ததும், "இடத்தைக் காட்டு, நான் பாக்கணும்" என்றான் பையன். அப்பா பின்னாலிருந்து, "வாடா, இப்பவே போவோம்" என்றது எல்லோருக்கும் கேட்டது. நானும் மேசைமேல் தலையை வைத்து அழுதேன், அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

மேனேஜர் மனம் மட்டும் இளகவில்லை. விளம்பரக்காரர் அதற்குள் இன்னொரு முறை கத்தியிருந்தார். பிள்ளைகளின் நம்பிக்கையைக் கெடுத்துவிட்டீர்கள் என்று சில அம்மாக்களும் திட்டினார்கள். "நாளைக்கு வர வேண்டாம்மா" என்றார் அவர். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு, என்னிடம்கூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மனிதருக்கு அன்று முழுக்க டீ வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

மறுநாள் 'வாலு டைமுக்கு' யார் பேசுவது? "பிள்ளைங்ககிட்டப் பேசறது என்ன பெரிய வித்தையா?" என்று மேனேஜரே மைக் முன்னால் உட்கார்ந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். சரி, உட்காருங்க சார் என்று நானும் மைக்கைத் திறந்தேன். முதல் போன் உறையூரிலிருந்து வந்தது. பஸீலா என்று ஒரு வாண்டு.

"பெலிண்டா அத்தை இல்லையா?"

"அத்தை ஊருக்குப் போயிருக்காங்க பாப்பா."

"எந்த ஊருக்கு?"

முந்தின நாள் முழுக்க அவர் காதில் விழுந்தது ஒரே ஊர்ப் பெயர்தான். அது வாயில் வந்து நின்றிருக்கிறது போல. இத்தனை நாள் அக்காவுக்கு வாய் தவறியதையெல்லாம் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது.

"மணப்பாறைக்கு. அங்க நல்லா இருக்காங்க."

அந்தப் பக்கம் ஒரு வீறிடல். "அம்மாஆ! பெலிண்டா அத்தை செத்துப்போயிட்டாங்கம்மா!"

நான் சிரிக்கக் கூடாது என்று கையைக் கடித்துக்கொண்டேன். மேனேஜர், "இல்ல பாப்பா, இல்ல இல்ல" என்று பதறினார். யார் கேட்பது? எல்லா லைனும் ஒன்றாக மின்ன ஆரம்பித்தன. எடுத்தால் அழுகை, அடுத்ததை எடுத்தால் அதைவிடப் பெரிய அழுகை. தில்லைநகரில் ஸ்கூல் வேனில் ஏற மாட்டேன் என்று பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டன. நேற்றுத் திட்டிய அம்மாக்களே, "அவங்களுக்கு என்னங்க ஆச்சு? நல்லாத்தானே இருந்தாங்க?" என்று கேட்டார்கள். துணிக்கடைக்காரரும் கூப்பிட்டார். அவர் பேரன் ஆஸ்டின் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டானாம். "அந்தம்மாவை உடனே மைக்ல கொண்டாய்யா, என்னால வீட்டுல நிக்க முடியல!" என்றார்.

நாங்கள் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அக்கா வீடு இரண்டு தெரு தள்ளித்தான். பக்கத்து வீட்டார் மாலையோடு வந்து நின்றிருக்கிறார்கள். கதவைத் திறந்த அக்காவைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மாள் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாளாம். அக்கா சீப்பைத் தலையில் செருகியபடியே ஓடிவந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து நின்று மூச்சிரைத்தார். நான் அவரைக் கட்டிக்கொண்டேன்.

"வாம்மா, வந்து உயிரோட இருக்கேன்னு சொல்லிடு" என்றார் மேனேஜர். நெற்றியெல்லாம் வியர்வை.

"நான் சொல்ல மாட்டேன் சார்" என்றார் அக்கா. "நான் எங்க போனேன்னு சொன்னது நீங்க. நீங்களே சொல்லுங்க. உள்ளதைச் சொல்லுங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் மைக்கைத் திறந்துவைத்துவிட்டேன். தப்பிக்க வழியில்லை. பெரிய பெரிய ஆட்களிடமெல்லாம் சளைக்காமல் பேசுகிற மனிதர் ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளைங்களா, நான் மேனேஜர் பேசறேன். பெலிண்டா அத்தை சாகல. மணப்பாறைக்கும் போகல. இங்கதான் நிக்கிறாங்க. நேத்து நிஜத்தைச் சொன்னதுக்காக நான்தான் அவங்களை வர வேண்டாம்னு சொன்னேன். இன்னிக்கு உங்ககிட்டச் சொன்னது பொய். தப்பு என்மேலதான்."

லைனில் அப்போது இருந்தது யார் என்று பார்த்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து ரஞ்சித். ஊரே அவனுக்காகக் காத்திருந்தது.

"சரி சார்" என்றான். "இனிமே சொல்லாதீங்க. அத்தைகிட்டக் குடுங்க."

அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனார். மேனேஜர் எழுந்து, ஹெட்போனைக் கழற்றி அக்காவின் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியை விட்டு விலகி நின்றார்.