ஸ்தாமெனா வீட்டு விருந்தாளியைத் தொடாதே

இது சத்தியமாக நடந்த கதை. ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை. சரி, கொஞ்சம் இழுத்திருக்கிறேன். அக்கார்டியனை இழுக்காமல் யாரால் வாசிக்க முடியும்?

எங்கள் செமுன் ஊரில் துணி வெளுக்கிறவள் ஸ்தாமெனா. அவள் திட்டினால் டான்யூப் நதி பின்பக்கமாக ஓடும். போர் வருவதற்கு முந்தைய வருடம் அது. அரண்மனைப் பக்கம் திரும்பித் தும்மினாலே சிறை. போதாததற்கு நம் ரகசியப் போலீசும் பெர்லின் போலீசும் கூட்டாளி ஆகிவிட்டார்கள். அவர்கள் கேட்கிற ஆளை இவர்கள் பிடித்துக் கொடுப்பார்கள்.

அப்படி அவர்கள் கேட்ட ஆள் ஏகோன். பெர்லினில் அரசை எதிர்த்துத் துண்டறிக்கை அச்சடித்துவிட்டு ஓடிவந்து, ஸ்தாமெனாவின் பின்கட்டில் குடியிருந்தான். திருப்பி அனுப்பினால் அவன் தலை இருக்காது.

புனித நிக்கோலா நாள் வந்தது. அவர்தான் ஸ்தாமெனாவின் குலசாமி. அன்றைக்கு யாரையும் அழைக்க மாட்டோம், வந்தவரை விரட்டவும் மாட்டோம். பாதித் தெரு உள்ளே இருந்தது, நானும்தான். ஏகோன் மீன் தலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அப்போதுதான் ரகசியப் போலீஸ் ஜிவோயினும் ஒரு பெர்லின் போலீஸ்காரனும் நுழைந்தார்கள்.

“வாய்யா ஜிவோயின், மொதல்ல கோதுமை சாப்பிடு” என்று சாமிக்குப் படைத்த இனிப்புக் கோதுமையை நீட்டினாள் ஸ்தாமெனா.

“அக்கா, நான் வேலையா வந்திருக்கேன்.”

“வேலைய வாசல்ல தொப்பியோட மாட்டிட்டு வா. உங்க வீட்டுக்கும் இவருதானே சாமி?”

ஜிவோயின் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு வாய் விழுங்கினான். பெர்லின்காரன் கிண்ணத்தையே வழித்தான். பிறகு ஒரு புகைப்படத்தை எடுத்து, ஏகோனைக் காட்டிக் கத்தினான்.

ஸ்தாமெனா கரண்டியோடு குறுக்கே நின்றாள். “இந்தக் கோதுமைய தின்னவன் இன்னொரு விருந்தாளி மேல கை வைக்கக் கூடாது. ரெண்டு பேரும் தின்னாச்சு.”

“ராஜாவோட உத்தரவு, அக்கா.”

“ராஜாவே வரட்டும், அவருக்கும் ஒரு கரண்டி போடறேன். நின்னுக்கிட்டு போடுவேன், மண்டி போட மாட்டேன்.”

ஜிவோயின் படத்தை வெகுநேரம் பார்த்தான். “இவன் அவன் இல்ல. மூக்கு வேற” என்றான். அந்த மூக்கோ, படத்திலிருந்து அறுத்து ஒட்டினது மாதிரி இருந்தது!

பெர்லின்காரன் பீட்ரூட் மாதிரி சிவந்து, சீருடைக்காரர்களைக் கூட்டிவர ஓடினான். அவர்கள் வருவதற்குள் ஏகோன் மீன் படகில் ஆற்றைத் தாண்டிவிட்டான். ஜிவோயினுக்கு வேலை போனது. ஸ்தாமெனா அந்தக் குளிர்காலம் முழுக்கச் சிறையில் இருந்தாள். அங்கே ஜெயிலர் சட்டையை ஜெயிலரையே துவைக்க வைத்தாளாம்.

நான் இதை மதுக்கடையில் சொல்லி முடித்ததுமே, “ஜிவோயின் பயந்துதான் விட்டான்” என்றான் மூலையிலிருந்து மீன்காரன் ராஷ்கோ.

“எங்க மாமாவையா பயந்தாங்கொள்ளிங்கிற?” என்று எழுந்தாள் தெசாங்கா. “வேலை போனது யாருக்கு, உங்கப்பனுக்கா?”

“ஸ்தாமெனா ஜெயிலுக்குப் போனா. உங்க மாமா தூங்கப் போனாரு!”

முதல் முக்காலி என் தலைக்கு மேலேயே பறந்தது.