ஊசி வேகும் நேரம்

எண்பதுகளின் நடுவில் பாலக்கோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் டாக்டர். ஊசி போட்டால் அழுகிற குழந்தைகளைப் பார்த்திருப்பீர்கள். போடுகிறவளே அழுவதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதற்கெல்லாம் தனி ஏற்பாடு வைத்திருந்தேன்.

கண்ணாடி சிரிஞ்சைத் தண்ணீரில் போட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் கொதிக்க வைக்கிற காலம் அது. அதற்கென்று பின்னால் ஒரு சின்ன அறை. நோயாளி யாராவது கைமீறிப் போய் இறந்துவிட்டால், "ஊசி கொதிக்குதான்னு பாத்துட்டு வர்றேன்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். கண் சிவந்தால் ஆவி மேல் பழி போட்டுவிடலாம். வெளியே ஜனங்கள், "எவ்ளோ சுத்தம் பாக்கறாங்க நம்ம டாக்டரம்மா" என்று மெச்சுவார்கள்.

எங்கள் நர்ஸ் அக்காவை மட்டும் ஏமாற்ற முடியாது. இருபது வருஷ சர்வீஸ். அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீரை யாரும் பார்த்ததில்லை. கதவைத் தட்டுவார். "டாக்டரம்மா, ஊசி வெந்துருச்சுங்களா? கொழஞ்சிரப் போவுது, எறக்கிருங்க." எரிச்சலாக வரும். கூடவே சிரிப்பும் வந்து தொலைக்கும்.

அவரைப் பார்க்கப் பார்க்க, இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்றே தோன்றிவிட்டது. ராஜினாமாக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை கொடுத்துவிடுவதாக முடிவு.

அந்தத் திங்கட்கிழமை காலையில், மாரண்டஹள்ளிப் பக்கமிருந்து ஒரு தாய் தன் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. எனக்கு நரம்பே கிடைக்கவில்லை. அக்காதான் எப்படியோ தேடிப் பிடித்து டிரிப் ஏற்றினார். மத்தியானம் வரை குழந்தையின் காலைத் தேய்த்தபடி, "முழிச்சுக்கடி தங்கம், உன்ற பஸ்ஸு போயிரும்" என்று அதட்டிக்கொண்டே இருந்தார். குழந்தை முழிக்கவில்லை.

தாயிடம் சொல்லிவிட்டுத் திரும்பினால் அக்காவைக் காணோம். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. மெல்லத் திறந்து பார்த்தேன். எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். தோள் குலுங்கியது. ஸ்டவ் பற்ற வைக்கவே இல்லை. பாத்திரத்தில் தண்ணீரும் இல்லை.

அட அக்கா, இத்தனை வருஷமா இதையெல்லாம் எங்கே வெச்சிருந்தீங்க!

சத்தமில்லாமல் கதவைச் சாத்தினேன். பையிலிருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தேன். வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர், "ஊசி ரெடிங்களா?" என்றார்.

"இன்னும் வேகலைங்க. கொஞ்ச நேரம் ஆவும், உக்காருங்க" என்றேன்.