குளிகையில் சீரை நிறுத்திய கருப்பையா அண்ணன்

கருப்பையா அண்ணன் போய்விட்டார்.

காலையில் அவருடைய மகள் போன் செய்தாள். "தூக்கத்துலயே போயிட்டாருங்கக்கா..."

கீரனூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருந்தவர். பன்னீர் சோடா, வாழைப்பழம், பால் பாக்கெட், ரீசார்ஜ்... போன மாதம்தான் முடியவில்லை என்று கறம்பக்குடியில் மகள் வீட்டுக்குப் போனார்.

எனக்கு ஒர்க் ஃப்ரம் ஹோம். பெயர்தான் அப்படி. வீட்டுக்குள் டவர் கிடைக்காது. வாசலில் புங்க மரத்தடியில், எங்கள் பழைய கார் நிற்கும் இடத்தில் மட்டும் சிக்னல் முழுசாக இருக்கும். அதனால் அந்தக் காரின் பின் சீட்தான் என் ஆபீஸ்.

மாமனார் காலத்துக் கார். இடது பக்கக் கண்ணாடி பாதிக்கு மேல் ஏறாது. ஏசி போட்டால் வண்டியே இருமும். ஒரு நாள் ஸ்டார்ட் செய்ய மறந்தால் மறுநாள் தள்ளித்தான் ஆக வேண்டும். தள்ள முதல் ஆளாக வருபவர் கருப்பையா அண்ணன்.

ஆரம்பத்தில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. காலையில் காரில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குகிறேன். மதியம் மாமியார் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டுப் போகிறார். நானோ காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாகக் கத்திக்கொண்டிருக்கிறேன்... ஒரு வாரம் பார்த்தார். அவராகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

நேராக மாமியாரிடம் போய், "அக்கா, என்ன சண்டையா இருந்தாலும் புள்ளைய இப்புடி வெளிய உக்கார வச்சுச் சோறு போடுறது நல்லால்ல. நாலு பேரு பாக்குறாங்க. உள்ள கூப்புட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டார்.

மாமியார் அதற்குப் பிறகு ரொம்ப நாள் பஸ் ஸ்டாண்டு கடையில்தான் பால் வாங்கினார்.

நான் விஷயத்தைச் சொன்னபோது அண்ணன் தலையைச் சொறிந்தார். "கம்ப்யூட்டர் வேலைன்னா ஃபேனுக்குக் கீழ உக்காந்துல்ல பாப்பாங்க... நீ புழுக்கத்துல வேகுற, நான் என்னத்தக் கண்டேன்?"

அப்புறம் எங்கள் கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். அதில் என் வேலையும் போனது.

வீட்டில் சொல்லத் தைரியம் வரவில்லை. திருச்சியில் என் கணவரின் வேலையே அப்போது ஆட்டத்தில் இருந்தது. மாமியார் வேறு என் வேலையைச் சொல்லித் தெருவெல்லாம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். அதனால் எப்போதும்போல லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு காரில் போய் உட்கார்ந்துவிடுவேன். அப்ளை செய்வேன். பதில் வராது. அழுவேன்... மறுபடி அப்ளை செய்வேன்.

ஒரு மத்தியானம் அண்ணன் சோடாவோடு வந்து ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"என்னாத்தா, இப்பல்லாம் ஒஞ் சத்தமே கேக்கலயே. ஆபீஸ்ல பேசுறது இல்லையா?"

"வேலை போயிருச்சுண்ணே."

உலகத்தில் முதல் ஆளாக அவரிடம்தான் சொன்னேன்.

"வீட்டுல தெரியுமா?"

"தெரியாது."

சோடாவை என் கையில் கொடுத்தார். "சரி விடு. அடுத்தது கெடைச்சதும், இங்கிட்டு விட்டுட்டு அங்கிட்டுச் சேந்துட்டேன்னு சொல்லிக்க. அதுவரைக்கும் நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டார். கார் பக்கம் யார் வந்தாலும் கடையில் இருந்தே குரல் வரும்... "பாப்பா மீட்டிங்ல இருக்கு, அப்பறம் வாங்க." வேலையே இல்லாத எனக்கு அவர் மீட்டிங் வைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. புதன்கிழமை, பதினொரு மணிக்கு ஃபைனல் ரவுண்டு.

அன்றைக்கென்று பார்த்து அடுத்த தெருவில் காதணி விழா. பத்தரைக்குள் வந்திருக்க வேண்டிய தாய்மாமன் சீர், வேன் லேட்டாகி நான் லாக் இன் செய்யும் நேரத்துக்குத் தெருமுனையில் வந்து இறங்கியது. ட்ரம் செட், வெடி, வரிசைத் தட்டு... எங்கள் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். கார்க் கண்ணாடியோ ஏறாது. "அண்ணே, இன்டர்வியூ!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார். சட்டென்று மேளம் நின்றது.

அங்கே என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

"தம்பி, இப்பக் குளிகை ஓடுது. குளிகைல செஞ்சது திரும்பத் திரும்ப நடக்கும்பாங்க. இப்பச் சீரத் தூக்குனீங்கன்னா ஆயுசு பூரா தூக்கிக்கிட்டேதான் இருக்கணும்" என்றிருக்கிறார். தாய்மாமன் அந்த இடத்திலேயே நின்றுவிட்டாராம். மொத்தக் கூட்டத்தையும் அண்ணன் நிழலில் நிறுத்தி, தன் கடைப் பன்னீர் சோடாவை உடைத்துக் கொடுத்திருக்கிறார்.

இன்டர்வியூ முடிந்ததும் ஜன்னல் வழியாக அண்ணனுக்குக் கட்டை விரலைக் காட்டினேன். திரும்பவும் போனார்.

"கெளம்புங்க தம்பி. சுபகாரியத்தக் குளிகைல செஞ்சா விசேஷம். நல்லது திரும்பத் திரும்ப நடக்கட்டும்."

"என்னண்ணே, இப்பத்தான ஆகாதுன்னீங்க?"

"அது அப்ப."

வேலை கிடைத்தது. கம்பெனி மாறிவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன். மாமியார் கேசரி கிண்டி, பழைய கோபத்தை மறந்து எதிர்க்கடைக்கும் கொடுத்தார். "அப்புடியாக்கா? சம்பளம் கூடவா?" என்று ஒன்றுமே தெரியாதவர்போல் கேட்டுக்கொண்டே வாங்கிச் சாப்பிட்டார் மனிதர். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது கறம்பக்குடிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறோம். என் கணவர் காரை ஸ்டார்ட் செய்துகொண்டிருக்கிறார். மாமியார் முன்னாலேயே ஏறி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வேலை போன விஷயம் அவர்கள் இரண்டு பேருக்கும் இன்றுவரை தெரியாது. இந்தப் பதிவைப் படிக்கும்போதுதான் தெரியப்போகிறது.

தெரியட்டும்... இத்தனை வருஷம் இரண்டு பேராக வைத்திருந்த ரகசியம். நான் மட்டும் தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

போயிட்டு வாங்கண்ணே.