கொய்யா மரத்து வெள்ளைக் காக்காய்

நான் வெள்ளைக் காக்காய் பார்த்திருக்கிறேன். என் பிள்ளைகளிடம் சொன்னபோது சிரித்தார்கள். சிரிக்கட்டும். நானும் ஒருகாலத்தில் ஒருவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தவள்தான். அந்தச் சிரிப்புக்கு நான் கொடுத்த விலையை அவர்களுக்கு இதுவரை சொன்னதில்லை.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் செம்பூரில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம். ஓர் அறை, ஓர் அடுக்களை, பின்பக்கம் ஒரு சின்னத் தோட்டம். அதற்கு முன்னால் தாராவியில் எட்டடிக்குப் பத்தடி அறையில் இரண்டு வருடம் இருந்தவளுக்கு அந்தத் தோட்டம் சொர்க்கம். ஒரு கொய்யா, ஒரு பப்பாளி, கறிவேப்பிலை, குழாயடியில் கொஞ்சம் செம்பருத்தி. பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு ட்ராம்பேயில் அரசாங்க அணு நிலையத்தில் ஃபிட்டர் வேலை கிடைத்ததால் வந்த சொர்க்கம் அது. காலையில் பஸ் வந்து அழைத்துப் போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். ஊரில் என் அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே மாய்ந்து போனாள்.

மாடியில் வீட்டுச் சொந்தக்கார மாமி இருந்தாள். தினமும் சமையல் முடிந்ததும் ஒரு பிடி சாதத்தைப் பின்பக்கச் சுவரில் வைத்து, "கா, கா" என்று கூப்பிடுவாள். காக்காய் வாய் வைத்த பிறகுதான் அந்த வீட்டில் இலை போடுவார்கள். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்; எங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆனாலும் மாமி கூப்பிடும் நேரத்துக்கு நான் துணி காயப்போட வந்துவிடுவேன். ஏழு காக்காய்கள் வரும். எண்ணி வைத்திருந்தேன்.

எனக்கு வயிற்றில் ஆறு மாதம் முடிகிற சமயம். முதல் பிள்ளை. அன்றைக்குக் கூப்பிட்டதும் எட்டாவதாக ஒன்று கொய்யாக் கிளையில் வந்து உட்கார்ந்தது. கொக்கு என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்து "கா" என்றது. உடம்பு முழுக்க மோர் நிறம். அலகு வெளிறிய சதை நிறம். கால்கூடக் கறுப்பில்லை. சுவருக்கு இறங்கப் பார்த்தது. மற்ற ஏழும் சேர்ந்து கொத்தி விரட்டின. மறுபடியும் கிளையில் போய் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாமி தட்டைச் சுவரில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டீம்மா, நீயும் பார்த்தியோல்லியோ? எங்காத்துப் பித்ருக்கள்ல யாருக்கோ குறை இருக்கு. இல்லேன்னா இப்படி நிறம் மாறி வருவாளா?"

மாமிக்கு அவள் பயம். அதில் எனக்குப் பங்கில்லை என்று உள்ளே வந்துவிட்டேன். என் பயத்தை மறுநாள் வடக்கத்திப் பால்கார பையா கொண்டுவந்து ஊற்றினான். கொய்யா மரத்தை அண்ணாந்து பார்த்தவன், "உதர்கா ஹவா லகா ஹோகா, பாபி" என்று ட்ராம்பே பக்கம் கையைக் காட்டினான். அந்தப் பக்கத்துக் காற்று பட்டிருக்கும் என்கிறான். சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டான். பால் பாத்திரத்தோடு நான் அப்படியே நின்றேன்.

ஜப்பானில் குண்டு விழுந்த கதை எனக்குத் தெரியும். ஒரு பத்திரிகையில் படம் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே பிறந்த பிள்ளைகளைப் பற்றி அரைகுறையாக எதையோ படித்திருந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளுத்ததெல்லாம் பேயாகிவிட்டது. பப்பாளி இலையில் ஒரு வெள்ளைப் புள்ளி, செம்பருத்தி இலை ஓரத்தில் ஒரு வெளிறல், எல்லாம் அந்தக் காற்று என்று தோன்றியது. அந்தக் காற்றையே சட்டையில் சுமந்துகொண்டு ஓர் ஆள் தினமும் சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்காருகிறார்.

அவர் என் அத்தை மகன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அதிகம் பேசமாட்டார். சாயங்காலம் வந்து டீ குடித்ததும் என் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். உள்ளே பிள்ளை அசைந்தால் தலையை மட்டும் ஆட்டுவார். அதுதான் அவர் கொஞ்சுகிற விதம்.

அன்றைக்கு அவர் கையை நீட்டுவதற்குள் கேட்டுவிட்டேன்.

"அத்தான், தோட்டத்துல வெள்ளையா ஒரு காக்கா வருது."

"கண்டேன்."

"உங்க எடத்துக் காத்து பட்டுத்தான் அப்படி ஆச்சுன்னு பால்காரன் சொல்லுதான்."

அவர் சிரித்தார். அப்போது சிரித்திருக்கக் கூடாது.

"அவனுக்கு என்ன தெரியும்? நான் சின்னப்புள்ளையா இருக்கப்ப நம்ம ஊர்லயே ஒண்ணு கண்டிருக்கேன். அங்க என்ன அணு இருந்துச்சு? சிலது பொறக்கும்போதே அப்படித்தான் பொறக்கும்ட்டி."

தேற்றுவதற்காகத்தான் சொன்னார். ஆனால் 'பொறக்கும்போதே' என்ற வார்த்தை நேராக என் வயிற்றில் போய் விழுந்தது.

"வெள்ளைக் காக்கா மல்லாக்கப் பறக்குன்னும் சொல்லுவீய. நான் நம்பணுமாக்கும்" என்று ஏளனமாகச் சிரித்தேன். ஒரு வெள்ளைக் காக்காயை என் கண்ணாலேயே பார்த்துவிட்டு இன்னொரு வெள்ளைக் காக்காயைப் பொய் என்கிறேனே என்பது அப்போது உறைக்கவில்லை. கோபம் வந்தால் எனக்குக் கணக்கு வராது.

"அங்க உள்ள என்ன வேலை செய்யுதீய? அதச் சொல்லுங்க."

"குழாய் வேலை."

"குழாய்க்குள்ள என்ன போகுது?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"பொண்டாட்டிகிட்டயுமா?"

"யார்கிட்டயும்தான்."

பிறகு வழக்கம்போலக் கையை நீட்டினார். நான் பின்னால் நகர்ந்தேன்.

"தொடாதீய" என்றேன். "புள்ள பொறக்கிற வரைக்கும் என்னத் தொடாதீய."

கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் எடுத்துக்கொண்டார். அடித்திருக்கலாம், கத்தியிருக்கலாம், என்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்டிருக்கலாம். நானும் கத்திவிட்டு அடங்கியிருப்பேன்.

மறுநாளிலிருந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குள் வராமல் நேராகத் தோட்டத்துக் குழாயடிக்குப் போனார். சோப்பு போட்டு முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். சட்டையை அங்கேயே கழற்றித் தனி வாளியில் நனைத்தார். அவர் துணியை என் துணியோடு சேர்க்கக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை; அவராகவே பிரித்துக்கொண்டார். ராத்திரி பாயை அடுக்களையில் போட்டுக்கொண்டார். மாடியிலிருந்து மாமி பார்ப்பாள். ஏதோ தீட்டு என்று நினைத்திருப்பாள்.

காக்காய் தினமும் வந்தது. மாமி அதற்குத் தெரியாமல் சாதம் வைக்க நேரத்தை மாற்றிப் பார்த்தாள். நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு விரட்டினேன். ஒரு நாள் கல்லை எறிந்தேன். பட்டது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சுவர் மேல் தத்தியது. பிள்ளைத்தாய்ச்சி செய்கிற வேலையா அது? கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் இரண்டாவது கல்லைத் தேடினேன்.

ஏழாம் மாதம் தலைப்பிரசவத்துக்கு அவரே என்னை ஊருக்குக் கூட்டிப்போனார். இரண்டு ராத்திரி ரயில். ஒரே பெஞ்சில் இடம் இருந்தும் அவர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். ஸ்டேஷனில் இறங்கி வாங்கி வந்த இட்லிப் பொட்டலத்தை என் கையில் தராமல் பெஞ்சில் வைத்தார். பக்கத்திலிருந்த ஓர் அம்மாள், "ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று கேட்டாள். "இல்லை" என்றேன். சண்டை என்றால் எவ்வளவோ தேவலாம். ஊரில் இரண்டு நாள் இருந்தார். தான் சொன்னது நிஜம் என்று காட்ட அங்கே யாரையாவது சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

வாரம் ஒரு கடிதம் வந்தது. எல்லாம் சுகம், நீ சுகமா என்று நாலு வரி. ஒன்றில் மட்டும் கொஞ்சம் கூட எழுதியிருந்தார்: "அந்தக் காக்காய் இப்போது நொண்டுவதில்லை. பஸ்ஸுக்குப் போகுமுன் பாவ் ரொட்டியைப் பிய்த்துப் போடுகிறேன். நான் பக்கத்தில் நின்றால் மற்றவை கொத்துவதில்லை." கல்லெறிந்தது யார் என்று அவருக்குத் தெரியுமா என்று அதில் இல்லை. நான் அந்தக் கடிதத்தைக் கிழித்துப்போட்டேன்.

மிஷன் ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். கண்ணைத் திறந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "கறுப்பா சிஸ்டர்?"

பிள்ளை கறுத்துவிட்டதோ என்று நான் பயப்படுவதாக அந்த நர்ஸ் நினைத்துக்கொண்டாள். நம் பெண்கள் கேட்பதெல்லாம் அதுதானே. "கவலப்படாத. போகப் போக வெளுத்துரும்" என்றாள்.

நான் போட்ட சத்தத்தில் அடுத்த வார்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. பிள்ளையைக் காட்டிய பிறகுதான் அடங்கினேன். அப்பனை உரித்துவைத்த கறுப்பு. கையை விரித்துப் பார்த்தேன், காதுமடலைத் திருப்பிப் பார்த்தேன், நகத்தை எண்ணினேன். என் ஜென்மத்தில் அவ்வளவு அழகான கறுப்பை நான் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளையை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அதைச் சொன்னேன். "காக்காய்க்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்று சிரித்தாள். பிறகு, எண்ணெய்க் கையை நிறுத்தாமலேயே சொன்னாள்.

"காக்கான்னதும் ஞாபகம் வருது. ஓன் மாப்பிள்ள சின்னப்பயலா இருக்கப்ப கோயில் பக்கத்துல வெள்ளையா ஒரு காக்கா வந்துச்சுட்டி. ஊரே போய்ப் பாத்துச்சு. இவன் சோத்த எடுத்துக்கிட்டு அது பின்னாலயே அலைவான். நீ அப்பப் பொறக்கவே இல்ல."

அம்மா பிள்ளையைத் திருப்பிப்போட்டு முதுகில் தேய்த்தாள். நான் எழுந்து கொல்லைப்புறம் போய் உட்கார்ந்து அழுதேன். அவர் பொய் சொல்கிற ஆளில்லை என்பது எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் பால்காரன் சொன்னதை நம்பினேன்.

பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகும்போதுதான் அவருக்கு லீவு கிடைத்தது. வாசலில் பெட்டியை வைத்தவர், உள்ளே வராமல் கிணற்றடிக்குப் போனார். வாளி இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. குளித்து, பெட்டியிலிருந்து புதுச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். அம்மா பிள்ளையை நீட்டினாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தூக்கலாமா?" என்று கேட்டார்.

பெற்ற பிள்ளையைத் தூக்க அனுமதி கேட்கிறார். அம்மா விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். நான் பிள்ளையை வாங்கி அவர் கையில் வைத்தேன். என் கை அவர் கைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஆறு மாதத்துக்கு மேல் கழித்து அப்போதுதான் அவரைத் தொட்டேன். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தோடு சரி. நான் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நாங்கள் செம்பூர் திரும்பியபோது அந்தக் காக்காய் இல்லை. எப்போது போனது என்று கேட்டேன். ஒரு நாள் வரவில்லை, அவ்வளவுதான் என்றார். மாமி பழைய நேரத்துக்கே சாதம் வைத்தாள். ஏழு காக்காய்கள் வந்தன.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் மகள் வீட்டுக்குப் போனால், பேரப்பிள்ளை "தாத்தா" என்று ஓடி வந்ததும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்கிறார். முதலில் குழாயடிக்குப் போகிறார். தாத்தாவுக்குச் சுத்தம் ஜாஸ்தி என்று மகள் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறாள். நான் பின்னாலேயே போய், "போதும் அத்தான், வாங்க" என்பேன். காது கேட்காதவர் மாதிரி முழங்கை வரை சோப்பைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.